விலையில்லாச் சீட்டும் வெறுமையான நாற்காலியும்

விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருளுக்கு மக்கள் திரண்டு வருதலும், விலையின்றிக் கிடைப்பதற்கு வாராதொழிதலும் முதற்பார்வைக்கு வியப்பாகவே தோன்றும். ஒரு கல்லூரியிலோ ஊர் மன்றத்திலோ சிறந்த நாடகமொன்று நடிக்கப்பெறுகின்றது. அல்லது கற்றறிந்தார் ஒருவர் சொற்பொழிவாற்றுகின்றார். அல்லது இசைவல்லார் ஒருவர் பாடுகின்றார். 'அனுமதி இலவசம்' என்று விளம்பரம் ஒட்டப்படுகின்றது. நுழைவுச் சீட்டுகளும் கட்டுக் கட்டாக வழங்கப்படுகின்றன. குறித்த நாள் வந்தபோதோ, முன்வரிசையில் விருந்தினர் சிலரும் பின்வரிசையில் தொண்டர் சிலரும் அமர்ந்திருக்க, இடையிலுள்ள நாற்காலிகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. பல வாரம் பயின்ற மாணவர் அவ்வெறுமையை நோக்கியே நடித்து முடிக்கின்றனர். இஃது ஏன் நிகழ்கின்றது, இதனைத் தவிர்க்கும் வழி யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரி விழாக்களை நடத்தும் பொறுப்பு ஆண்டுதோறும் மாணவர் கைக்கே வருதலின், இவ்வாராய்ச்சி நம்மனோர்க்குப் பயன்படும் என்று எண்ணுகின்றேன்.

முதற்கண், விலையின்றிக் கிடைப்பதைக் குறித்து நம் நாட்டு வழக்கில் உள்ள சொற்களை நோக்குவோம். இனாம் என்றால் கொடுத்தவன் பெருமை தோன்றும். இலவசம் என்றால் இருதிறத்தார்க்கும் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. ஓசி என்ற அளவிலேயே பெற்றவன் தலை குனிகின்றது. கும்பினியார் காலத்தில் அரசாங்க அலுவலின்பொருட்டு அஞ்சற்கூலியின்றிச் சென்ற கடிதங்களின்மேல் இட்ட ஆங்கில எழுத்துக்களினின்று இச்சொல் பிறந்தது என்று கூறுவாருளர். அதன் பிறப்பு எதுவாயினும், அதனுள் ஓர் ஏளனம் உறைந்திருப்பதை யாவரும் அறிவர். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று பழமொழி தடுக்கின்றது. மக்கள் பார்க்கின்றார்களாதலினன்றோ பழமொழி தடுக்கவேண்டியதாயிற்று! விலையில்லாச் சீட்டைக் கையில் வாங்கியவனும், 'இது நல்லதாயின் இதற்கு ஏன் விலை வைக்கவில்லை?' என்று உள்ளத்துள் அதன் பல்லைப் பார்க்கவே செய்கின்றான்.

இனி, சீட்டை வாங்குதல் வேறு, நிகழ்ச்சிக்கு வருதல் வேறு என்னும் உண்மையை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். விழா நடத்துவோர் பலரும் இடறுமிடம் இதுவே. வாங்குதற்கு இலவசம் என்னும் சொல் மிக்க வலிமையுடையது. இதனை அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் மூவர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையொன்றால் விளக்கினர். உயர்ந்த சாக்லேட்டு ஒன்றுக்கு 15 சென்றும், சாதாரணச் சாக்லேட்டு ஒன்றுக்கு 1 சென்றும் விலை வைத்தபோது நூற்றுக்கு 73 பேர் உயர்ந்ததையே வாங்கினர். இரண்டிற்கும் ஒவ்வொரு சென்று குறைத்து, உயர்ந்ததை 14 சென்றுக்கும் சாதாரணத்தை விலையின்றியும் வைத்தபோதோ, நூற்றுக்கு 69 பேர் சாதாரணத்தின்பக்கம் சாய்ந்தனர். விலைகளின் வேறுபாடு முன்போலவே 14 சென்றுதான். ஆயினும் 'ஒன்று' என்பது 'சுன்னம்' ஆனவுடன் மக்கள் மனம் மாறிவிட்டது. ஆனால், சாக்லேட்டை வாயிலிட்டால் காரியம் முடிந்தது. சீட்டை வாங்கியவனோ மற்றொரு நாள், மற்றொரு வேளையில், மற்றொரு இடத்திற்கு நடந்து வரவேண்டும். ஆகவே ஐந்நூறு சீட்டு வழங்கிவிட்டோம் என்று மகிழ்வது, விதைத்த அன்றே களஞ்சியம் நிறைந்ததென்று மகிழ்வதையொக்கும்.

வருதலைப் பற்றிய மற்றொரு சோதனை நாடகசாலையிலேயே நடந்தது. ஒகையோ பல்கலைக்கழக நாடக மன்றத்தில், 1982-83ஆம் ஆண்டுப் பருவத்துக்குரிய சீட்டை வாங்க முதலில் வந்த 60 பேருள் சிலருக்கு 15 டாலர் முழு விலைக்கும், சிலருக்கு 13 டாலருக்கும், சிலருக்கு 8 டாலருக்கும் சீட்டு விற்கப்பட்டது. யாருக்கு எவ்விலை என்பதை வாங்குவோர் தேர்ந்துகொள்ளவில்லை. ஆர்க்ஸ், புளூமர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இதனை 1985இல் வெளியிட்டனர். பருவத்தின் முற்பாதியில், முழு விலை கொடுத்தோரே மற்றையோரினும் மிகுதியாக நாடகத்திற்கு வந்தனர். கொடுத்த பணம் அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்தது எனலாம். பிற்பாதியில் இவ்வேறுபாடு மறைந்தது. பணத்தின் நினைவும் நாளடைவில் தேயும்போலும்.

இவ்வுண்மையை விவிலிய நூலிற் காணும் பெரிய விருந்தின் உவமையோடு ஒப்பிட்டு நோக்குக. லூக்கா எழுதிய சுவிசேடத்தின் 14ஆம் அதிகாரத்தில், ஒருவன் பெருவிருந்து சமைத்துப் பலரை அழைக்கின்றான். அழைக்கப்பட்டோர் ஒருங்கே சாக்குச் சொல்லுகின்றனர். ஒருவன் வயல் வாங்கியிருக்கின்றான். அதைப் போய்ப் பார்க்கவேண்டுமாம். மற்றொருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கின்றான், அவற்றைச் சோதிக்கவேண்டுமாம். மூன்றாமவன் மணம் செய்துகொண்டவன். முன்னிருவரும் விலையில்லா விருந்தை விடுத்து, தாம் விலை கொடுத்தவற்றையே காணச் செல்லுகின்றனர் என்பது ஊன்றிப் படிப்பார்க்குப் புலனாகும். பின்னர் வீட்டுத்தலைவன் செய்தது யாது? தன் ஊழியனை அனுப்பித் தெருக்களிலும் சந்துகளிலும் உள்ள ஏழைகளையும் ஊனரையும் நேரிற் கூட்டிவரச் செய்தான். அப்பொழுதும் இடம் இருந்தமையின், வழியோரங்களுக்கும் வேலியோரங்களுக்கும் அனுப்பி வருந்தி அழைத்துவரச் செய்தான். நாம் ஆராயும் பொருளுக்கு இவ்வுவமை சிறந்ததொரு பாடமாகும்.

நிற்க. பணத்தை நீக்கிய பின்னும் நீங்காத விலைகள் சில உள. ஒன்று, காலம். கூலிக்கு உழைப்பவனுக்கு மாலை வேளையின் இரண்டு மணி நேரம் எளிதன்று. இரண்டு, வழி. நிகழ்ச்சி முடியும்போது கடைசிப் பேருந்து போய்விடின், விலையில்லாச் சீட்டு விலையுயர்ந்த சீட்டாகிவிடும். மூன்று, கூச்சம். 'அங்கே என்ன உடுத்துப் போவது? எங்கே உட்காருவது? எப்போது கைதட்டுவது? அவர்கள் பேசுவது நமக்கு விளங்குமா?' என்னும் ஐயங்களை வாய்திறந்து சொல்லுவார் இலர். ஆயினும் வாயிற்படியில் ஒருவனைத் தடுத்து நிறுத்துவன இவையே.

இங்கிலாந்தில் தேசியப் பொருட்காட்சிசாலைகளின் நுழைவுக் கட்டணம் 2001ஆம் ஆண்டின் இறுதியில் நீக்கப்பட்டது. வருவோர் தொகை மிகப் பெருகியது. எனினும், எவ்வகுப்பினர் முன்பு மிகுதியாக வந்தனரோ அவரே பின்பும் மிகுதியாக வந்தனர் என்று ஆராய்ந்தோர் கண்டனர். அந்நாட்டிலேயே 26 வயதிற்குட்பட்டோர்க்கு நாடகச் சீட்டை விலையின்றி வழங்கும் திட்டமொன்று 2009 முதல் 2011 வரை நடந்தது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளை வழங்குவதென்று தொடங்கிய அத்திட்டம் தன் இலக்கை எட்டவில்லை. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இவை சான்றாகும். ஏற்கெனவே வழியறிந்தவன் திறந்த கதவினுள் மேலும் ஒருமுறை நுழைவான். வழியறியாதவனோ வெளியிலேயே நிற்பான். அவ்வாறாயின், நாம் வழங்கும் இலவசம் உள்ளவனுக்கே மேலும் கொடுத்ததாக முடியும்.

நம் சென்னை மாநகரிலும் இதனைக் காணலாம். மார்கழி இசை விழாவில் பல சபைகள் இளங்கலைஞர்க்குரிய பகற்கச்சேரிகளை இலவசமாகவும், புகழ்பெற்றோர் பாடும் மாலைக் கச்சேரிகளைக் கட்டணத்தோடும் நடத்துதல் வழக்கம். மாலையில் இடம் கிடைப்பதரிது. நண்பகலிலோ நல்ல சாரீரமும் தேர்ந்த பயிற்சியும் உடைய இளையோர் பெரும்பாலும் காலி நாற்காலிகளுக்கே பாடுகின்றனர். அதே வேளையில் சபையின் சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து உண்பார் வரிசையில் நிற்கின்றனர்!

ஆயின் இலவசம் எங்கும் தோற்றதோ எனின், அன்று. வென்ற இடங்களும் உள. பழைய ஆதென்ஸ் நகரத்தில் டயோனீசஸ் அரங்கில் நாடகம் காண இரண்டு ஓபல் காசு கட்டணம் இருந்தது. ஏழைக் குடிகளும் காணவேண்டும் என்று கருதி, அரசு அக்காசை அவர்கட்கு வழங்கியது. இவ்வழக்கத்தைப் பெரிக்ளீஸ் என்னும் தலைவன் தொடங்கியதாகப் புளூட்டார்க் எழுதினார். கி.மு. நான்காம் நூற்றாண்டில் இந்நிதி பெரிதும் வளர்ந்தது. மாசிடோனிய மன்னன் பிலிப்பை எதிர்க்கும் போர்ச் செலவுக்கு அதனைத் திருப்பவேண்டும் என்று டெமாஸ்தனிஸ் வாதாடியமையும் வரலாறு. நாம் கவனிக்கவேண்டியது யாதெனின், அந்நகரத்தார் கட்டணத்தை நீக்காமல், அதனைக் கொடுக்கும் ஆற்றலை ஏழைக்கு அளித்தனர் என்பதே. ஏழையும் செல்வனும் ஒரே காசைக் கையிற் கொண்டு ஒரே வாயிலில் நுழைந்தனர். ஓசி என்று ஏளனம் செய்வதற்கு ஆண்டு இடமே இல்லை.

பண்டைக் காலத்தை விட்டு நமக்கு அணுகிய காலத்துக்கு வருவோம். நியூயார்க் நகரத்தில் ஜோஸப் பாப் என்பார் 1954ஆம் ஆண்டில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கி, ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கட்டணமின்றி நடத்த முற்பட்டார். 1957இல் மேடையை ஒரு பெரிய லாரியில் ஏற்றி, நகரத்தின் பல பகுதிகளுக்கும் கொண்டுசென்றார். புல்தரை பாழாகின்றதென்று கூறி, கட்டணம் விதிக்கவேண்டுமெனப் பூங்கா ஆணையர் 1959இல் வற்புறுத்தியபோது, பாப் வழக்காடி வென்றார். 1962இல் நடுப்பூங்காவில் டெலகோர்ட் என்னும் திறந்தவெளி அரங்கு எழுந்தது. அங்கே நண்பகலில் வழங்கும் இலவசச் சீட்டுக்காக மக்கள் விடியற்காலை முதலே வரிசையில் காத்திருத்தல் வழக்கமாயிற்று. காத்திருத்தலே அங்கு விலையாகிச் சீட்டிற்கு மதிப்பளித்தது. இதிலும் ஒரு தீமை புகுந்தது. வரிசையில் தமக்காக நிற்பதற்குப் பிறரைக் கூலிக்கு அமர்த்தினார் சிலர். அதற்கு 125 டாலர் வரை கொடுத்ததுண்டென்று மைக்கேல் சாண்டல் என்னும் தத்துவ ஆசிரியர் 2012இல் வெளியிட்ட நூலிற் குறிக்கின்றார். ஏழையின்பொருட்டு வைத்த இடம் இவ்வாறு செல்வனிடம் போய்ச் சேரும் வழியையும் நாம் அறிந்து அடைக்கவேண்டும்.

இதுகாறும் கூறியவற்றினின்று, விழா நடத்தும் மாணவர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சிலவற்றைத் தொகுத்துரைப்பேன்.

முதலாவது, சீட்டைக் கட்டாகக் கொடாதீர். பெயர் எழுதி, ஒருவர் கையினின்று ஒருவர் கைக்கு, இரண்டொரு வார்த்தை பேசிக் கொடுப்பீராக. அழையாத வீட்டில் நுழைவதை இழுக்கென்று கருதும் மக்கள் நாம். விளம்பரத்தை அழைப்பென்று கொள்ளமாட்டோம். கல்யாணப் பத்திரிகையை அஞ்சலில் அனுப்பினாலும், வேண்டியவர் வீட்டிற்கு நேரிற் சென்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதே முறையென்று நம் பெரியோர் வைத்தனர்.

இரண்டாவது, 'இலவசம்' என்னும் சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டு, நாடகத்தின் பெயரைச் சிறிய எழுத்தில் இடாதீர். என்ன நடக்கப்போகின்றது, யார் நடிக்கின்றனர், அது வருவார்க்கு எதனால் இன்பம் தரும் என்பவற்றை முன்வைத்து, கட்டணமில்லை என்பதை இறுதியிற் குறிப்பீராக. செலவை ஏற்றவர் இன்னார், அவர் ஏற்றது இதன்பொருட்டு என்றும் சொல்லின், 'ஏன் விலை வைக்கவில்லை?' என்னும் ஐயம் தீரும்.

மூன்றாவது, மறைந்துள்ள விலைகளை நீக்குவீராக. தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் சீட்டில் அச்சிடுக. பேருந்து வழியைக் குறிக்க. குழந்தைகளை அழைத்து வரலாமா என்பதைத் தெளிவாகச் சொல்லுக. வாயிலில் ஒருவர் நின்று வணங்கி வரவேற்று இருக்கை காட்டுக. கதைச்சுருக்கம் ஒரு பக்கம் எளிய தமிழில் முன்னரே கொடுத்தால், விளங்காதோ என்னும் அச்சம் பெரிதும் ஒழியும். தனியே வரக் கூசுவோர்க்கு இரண்டு சீட்டுக் கொடுங்கள், துணையோடு வருவர்.

நான்காவது, வருபவரிடம் ஒரு சிறு வாக்குறுதி பெறுவீராக. முந்திய நாள் 'வருகின்றேன்' என்று சொல்லச் செய்தல் ஒன்று. வர இயலாதவர் சீட்டைத் திருப்பித் தர ஒரு நாளைக் குறித்தல் மற்றொன்று. பத்து ரூபாயை முன்பணமாகப் பெற்று வாயிலில் திருப்பிக் கொடுத்தலும் ஒரு முறையே. ஆதென்ஸ் நகரத்துக் காசை இது ஒருவாறு ஒக்கும். ஆனால் அப்பத்து ரூபாயும் சுமையாகும் எளியவரிடத்தில் இதனைக் கேளாதீர். அவர் வாய்ச்சொல்லே போதும்.

ஐந்தாவது, கணக்கு வைப்பீராக. எத்தனை சீட்டு வழங்கினோம், எத்தனை பேர் வந்தனர், அவருள் முதன்முறை வந்தோர் எத்தனை பேர் என்னும் மூன்று எண்களை எழுதி, அடுத்த ஆண்டுச் செயலாளர்க்குக் கொடுத்துச் செல்லுக. வாராதோர் சிலர் இருப்பர் என்று கருதி இருக்கைக்கு மேற்பட்ட சீட்டு வழங்குதல் உண்டு. லண்டனில் பி.பி.சி. நிலையத்தார் அவ்வாறே வழங்கி, சீட்டு உடையோர்க்கெல்லாம் இடம் உறுதியன்று என்று முன்னரே அறிவிக்கின்றனர். நாமும் கணக்கறிந்த பின்னரே இதனைச் செய்யலாம். அழைத்து வந்தவரை வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்புதல் நாற்காலி வெறுமையாய்க் கிடத்தலினும் பெருங்குறை.

மாணவ நண்பர்காள்! கூட்டம் நிறைந்ததென்று பத்திரிகையில் எழுதிக்கொள்வதற்காக இவற்றைச் செய்யச் சொல்லவில்லை. நம் கல்லூரியின் மதிற்சுவருக்கு வெளியே, இம்மண்டபத்தினுள் ஒருமுறையேனும் கால்வையாத மக்கள் பலர் வாழ்கின்றனர். நம் உணவு விடுதியில் சமைப்போரும், தோட்டத்தில் நீர் பாய்ச்சுவோரும், வாயிற்காவல் செய்வோரும் அவருட் சேர்ந்தவரே. அவர் பிள்ளைகள் ஒரு நல்ல நாடகத்தை மேடையிற் கண்டதில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்குச் சீட்டு அச்சாகும்போது, முதற்சீட்டில் அவர்கள் பெயரை எழுதி, அவர்கள் வீட்டு வாசலுக்கே சென்று கொடுப்பீராக.