ஓக் மரத்தடியில் ஒரு பவளம்

டேராடூனுக்கு மாற்றலாகி வந்த முதல் மழைக்காலத்தில், ஊரிலிருந்து வந்திருந்த என் தாயாரை முசூரிக்கு அழைத்துச் சென்றேன். அங்கே 'பாஞ்ஜ்' என்று அழைக்கப்படும் ஓக் மரங்களின் அடியில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே, விரல் உயரத்தில் இளமஞ்சளாக ஏதோ கிளைவிட்டு நின்றது. கடலடிப் பவளத்தைப் பெயர்த்து வந்து நட்டதுபோல் இருந்தது.

"காளான்டா! பறிச்சுக்கோ, ராத்திரி குழம்பு வெச்சுடலாம்" என்றார் அம்மா. கரையான் புற்றருகே முளைப்பதைப் பறித்துப் பழகிய கை. அதற்குள் ஒரு பிடி முந்தானைக்கு வந்துவிட்டது. புல்கட்டோடு வந்த மலைநாட்டு மூதாட்டி ஒருவர் நின்று, "இதில் தின்பதும் உண்டு, வயிற்றைக் கெடுப்பதும் உண்டு. இது எதுவென்று தெரியுமா?" என்று இந்தியில் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. கொட்டிவிட்டுத் திரும்பினோம். பிறகு தேடிப் படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இதன் பெயர் பவளக் காளான். இதற்குக் குடையும் இல்லை, குடைக்கடியில் மடிப்புகளும் இல்லை. கிளைகளின் மேற்பரப்பிலேயே நுண்ணிய வித்துகள் உண்டாகிக் காற்றில் பரவுகின்றன. கிளைகள் பெருகப் பெருக வித்து உண்டாகும் பரப்பும் பெருகுகிறது.

நாம் காண்பது காய் மட்டுமே. உடல் மண்ணுக்குள் நூலிழைகளாகப் பரவியிருக்கிறது. ராமேரியா இனத்தில் பல வகைகள் ஓக் போன்ற மரங்களின் வேர் நுனிகளை உறைபோல் போர்த்திக்கொள்கின்றன. மண்ணிலிருந்து நீரையும் பாஸ்பரஸ் போன்ற சத்துகளையும் மரத்துக்குக் கொடுத்து, மரம் இலையில் சமைத்த சர்க்கரையைப் பெறுகின்றன. மரத்தை வெட்டினால் இந்தக் கொடுக்கல் வாங்கலும் முடிந்துவிடும். ஆர்ட்டோமைசிஸ் இனமோ விழுந்து கிடக்கும் கட்டைகளை மக்கச் செய்து வாழ்கிறது.

இந்தியப் பவளக் காளான்களைப் பற்றி கே.எஸ். திண்ட் எழுதிய நூல் 1961-இல் வெளிவந்தது. முசூரி மலைக் காளான்களையும் அவர் ஆராய்ந்தவர். அக்காலத்தில் இவற்றை ஒரே குடும்பமாகவே கருதினர். பின்னர் மரபணுவை ஒப்பிட்டபோது, பவள வடிவம் காளான்களிடையே பலமுறை தனித்தனியே தோன்றியது என்று தெரிந்தது. ராமேரியாவுக்கு நெருங்கிய உறவு துர்நாற்றக் காளான்கள். கிளாவுலினாவுக்கோ சாந்தரெல் என்னும் உணவுக் காளான்கள். தோற்றம் ஒன்று, வம்சம் வேறு!

ஒரே இனத்துக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. ராமேரியா பொட்ரைட்டிஸ் பலரும் உண்பது. ராமேரியா ஃபார்மோசாவோ வயிற்றுவலியும் பேதியும் உண்டாக்கும். நிறமும் வயதோடு மங்குவதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது.

மழைக்காலத்தில் மலைக்குச் செல்லும் நண்பர்களே, ஓக் மரத்தடியில் குனிந்து பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள். நம் ஊர்க் காளான் அறிவை நம்பி அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அன்றிரவு எங்கள் வீட்டில் வெறும் ரசம்தான். அம்மா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.