கச்சானும் உடல்நலனும்

திருகோணமலையிற் பிறந்தார்க்குக் கச்சானை அறிமுகஞ் செய்தல் வேண்டா. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைச் சொரிந்து, ஈரமிழந்து, கீழிறங்குங்கால் வெப்பமுற்று, வைகாசி முதல் ஆவணி வரை நம் குடாக்கரையில் வீசுகின்றது. அதனை வெறும் அசௌகரியமெனக் கொள்வோர் பலர். அஃது உயிரையும் கவரவல்லது.

மனிதவுடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. உழைக்குந்தோறும் தசைகள் வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. வியர்வை உலர்தலால் அது வெளியேறுகின்றது. கச்சான் வியர்வையை உடனே உலர்த்துவதால், இழந்த நீரின் அளவை நாம் உணர்வதில்லை. கடற்காற்று ஈரமுற்றிருப்பின் வியர்வை உலராது வழிகின்றது. வெப்பம் உள்ளேயே தங்குகின்றது. எனவேதான் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பநிலையோடு ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்து எச்சரிக்கை விடுக்கின்றது.

பல்லாண்டுகளுக்கு முன், ஓட்டப் பயிற்சியின் நடுவே நிழலில் அமர்ந்த மாணவனொருவனைச் சோம்பேறியெனக் கடிந்து மீண்டும் ஓடச் செய்தேன். சிறிது நேரத்தில் அவன் பிதற்றி வீழ்ந்தான். நீரூற்றி விசிறி, வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றமையாற் பிழைத்தான். தளர்ச்சி என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை, குற்றமன்று. இப்பாடத்தை நான் அவனிடமே கற்றேன்.

தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியன தோன்றின் நிழலும் நீரும் ஓய்வும் வேண்டும். உடல்வெப்பம் 40 பாகையைக் கடந்து அறிவு மயங்கின் அது வெப்பத்தாக்கு. வியர்வை நிற்கவில்லையென ஆறுதல் கொள்ளற்க. உடலை நனைத்து விசிறியவாறே வைத்தியசாலைக்கு விரைக. மயங்கியவர் வாயில் நீர் புகட்டற்க.

தனிமனிதர் கவனம் மட்டும் போதுமோ? 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 பாகையை எட்டியது. அம்மாதத்தில் வழமையினும் 1,300க்கு மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர். அதன் பின், 2013இல், அந்நகரம் முன்னெச்சரிக்கை, குடிநீர், வைத்தியப் பயிற்சி ஆகியவற்றை ஒருங்கிணைத்துத் திட்டம் வகுத்தது. தமிழ்நாடு அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

நம் மாவட்டத்திலே துறைமுகத்திற் சுமை தூக்குவோரும், வீதி சமைப்போரும், வயலில் உழைப்போரும் தம் வேலை நேரத்தைத் தாமே வகுப்பதில்லை. அதனை வகுக்கும் இடங்களில் இன்று நம் பழைய மாணவர் பலர் அமர்ந்துள்ளனர். அன்பர்களே! உச்சிவேளை வேலையைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றுக. புதிதாகச் சேர்ந்தோர்க்கு வெயிலிற் பழக இரு வாரமேனும் அளித்திடுக. நிழலில் அமர்பவனை முதலில் நலம் வினவுக. பின்னர் வேலையைப் பற்றிப் பேசலாம்.