அச்சாணியும் திருகாணியும்

உத்திரமேரூரை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர், பள்ளியில் பயிலும் தம் தம்பியின் ரிமோட் காரை ஒருநாள் துறைக்குக் கொணர்ந்தார். மறுநாள் அறிவியல் கண்காட்சி. மோட்டார் இரைகிறது, கார் நகரவில்லை. தமிழ் பயிற்றுவிக்கும் நாம் சற்றும் தயங்காது, ‘அச்சாணி தளர்ந்திருக்கும்’ என்றோம். அவர் நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் இறுக்கினார். கண்காட்சியில் அக்கார் மேசைமேல் அசையாது கிடந்தது. சிறுவனின் வாட்டத்திற்கு நம் சொல்லே காரணமாயிற்று. பிழை யாதென ஆராய்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

அச்சாணி நமக்குப் பழகிய உவமை. உருவால் சிறியாரை இகழாமைக்கு வள்ளுவர் அதனைக் காட்டினார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, உமணரின் உப்பு வண்டியை உறுப்புறுப்பாக வருணிக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், பள்ளத்திலும் மேட்டிலும் வண்டிக்கு யாது நேருமோ என்றஞ்சி உமணர் அதன் கீழே கட்டிச் செல்லும் சேம அச்சைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். எனினும் ஒன்று நோக்குக. மாட்டுவண்டியில் இழுப்பது எருது. சக்கரம் அச்சின்மேல் தன்போக்கில் சுழல்வது. அது வெளியே கழன்று விழாமல் தடுப்பதொன்றே அச்சாணியின் தொழில். ரிமோட் காரிலோ சுழற்சி மோட்டாரில் பிறந்து சக்கரத்தைச் சென்றடைய வேண்டும். அங்குள்ள ஆணி காப்பதோடு அமையாது. விசையைக் கடத்தவும் வேண்டும். இவ்வேறுபாட்டை நாம் மறந்தோம்.

மோட்டார்த் தண்டில் பொருத்திய சிறு பற்சக்கரத்தைப் பினியன் என்பர். தலையில்லாச் சிறு திருகாணி ஒன்று அதனைத் தண்டோடு பிணைக்கும். தண்டின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருப்பின், திருகாணியின் முனை அத்தட்டையில் அமர வேண்டும். வளைவில் அமர்ந்தால், இறுக்கியது போலத் தோன்றினும் விரைவில் வழுக்கும். நம் காரில் நேர்ந்தது இதுவே. ஐயமுற்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தண்டின் முனையிலிருந்து பினியன் முகம்வரை மையால் ஒரு கோடு இழுக்க. மீண்டும் ஓட்டிப் பார்த்தபின் கோடு பிளந்திருப்பின் குற்றம் அங்கேயே. இல்லையேல், சக்கர அச்சின் குறுக்கே செல்லும் சிற்றூசியைப் பார்க்க. பின்சக்கர இயக்கமுள்ள காரில் அஃது ஒரு பக்கம் விழுந்தாலும் போதும், டிஃபரன்ஷியல் சுழற்சியை அப்பக்கமே விட்டுவிடும், மறுசக்கரம் வாளாவிருக்கும்.

திருகாணி தளர்வதேன்? நீளவாக்கில் இழுபடுவதினும் குறுக்குவாட்டில் அசைவதே அதனைப் பெரிதும் தளர்த்தும் என 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனையால் காட்டினார். கல்லும் மண்ணுமான நம்மூர்ப் பாதையில் அவ்வசைவுக்குக் குறைவேது? இதற்கு மருந்தாவது, அமெரிக்க வேதியியற் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953இல் உருவாக்கிய பசை. காற்றுப்படாத மரையிடுக்கில், உலோகத்தைத் தொட்டு இறுகுவது அது. எண்ணெயைத் துடைத்து ஒரு சொட்டு இட்டு, 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். பொதுவாக நீலநிறப் பசையே போதும். சிவப்பை இட்டால் பின்னர்ச் சூடேற்றித்தான் கழற்ற நேரும். பிளாஸ்டிக்கில் இடலாகாது, விரிசல் விடும். பிறகு பினியனுக்கும் பெரிய பற்சக்கரத்திற்கும் இடையே மெல்லிய தாள் நறுக்கை வைத்து அழுத்தி, மோட்டாரை இறுக்கித் தாளை உருவினால் பற்களுக்கு வேண்டிய இடைவெளி அமையும்.

அடுத்த வாரம் உத்திரமேரூர் ஏரிக்கரையில் கார் ஓடியது. மைக்கோடு பிளவுறவில்லை. அந்தத் திருகாணிக்குத் தமிழில் என்ன பெயர் எனச் சிறுவன் கேட்டான். ‘பிணையாணி’ எனலாமோ என்றோம். அச்சாணி என்று மட்டும் சொல்லவில்லை.