பத்து நாள் விருந்தாளி

நுழையும் முன்

பூனையை வளர்ப்பது ஒன்று. நோயுற்ற பூனையைச் சில நாள் பேணி, உரியவரிடம் திருப்பித் தருவது வேறொன்று. இரண்டாவதைப் பற்றிய பட்டறிவுக் கட்டுரை இது. படிக்கும்போது புதிய சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

பாடம்

கல்யாணின் ஆடி மழையை நீங்கள் அறிவீர்கள். வால்துனி ஆறு பெருகினால் தாழ்ந்த தெருக்களில் நீர் ஏறிவிடும். அத்தகைய ஒரு மாலையில் எங்கள் குடியிருப்பின் காவலாளி என் வீட்டுக் கதவைத் தட்டினார். வயதில் மூத்தவர். பிள்ளைகள் அனைவரும் அவரைக் 'காக்கா' என்றே அழைப்பர். மராத்தியில் அச்சொல் தந்தையின் உடன்பிறந்தாரைக் குறிக்கும். ஊரிலிருந்து புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள் முதல் வாரம் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பிறகு அவர்களும் அப்படியே அழைப்பார்கள்.

அவர் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது.

"மேடம், மோட்டார் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மனீக்கு உடம்பு சரியில்லை. பத்து நாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றியதும் வந்து வாங்கிக்கொள்கிறேன்."

பெட்டிக்குள் ஆறு மாதப் பூனைக்குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது. கண்ணிமைகள் பீளையால் ஒட்டியிருந்தன. மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டது. தூத்துக்குடியில் என் தாய் பூனையை வாசற்படி தாண்ட விட்டதில்லை. எனக்கும் பூனைகளோடு பழக்கமில்லை. ஆயினும் மழையில் நனைந்து நின்றவரிடம் இயலாது என்று சொல்ல நா எழவில்லை.

அன்றிரவே ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் சென்றோம். பூனைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல் என்றார். ஹெர்ப்பிஸ், கலிசி ஆகிய இரு வகை வைரசுகளால் பெரும்பாலும் வரும் நோய் அது. மனிதரைத் தொற்றாது; ஆனால் தும்மலாலும், உணவுத் தட்டாலும், தொட்ட கையாலும் பிற பூனைகளுக்கு விரைவில் பரவும். பல பூனைகள் ஒன்றாக அடைபட்டிருக்கும் இடத்தில் ஒன்றுக்கு வந்தால் மற்றவற்றுக்கும் வந்துவிடும். விலங்குக் காப்பகங்கள் நோயுற்ற பூனைகளைச் சில நாள் பேணித் தரும் வீடுகளைத் தேடுவதற்கு இது முதன்மையான காரணம். ஒரு வீடு, அதில் ஒரு தனியறை, பொறுமையுள்ள ஓர் ஆள், இவ்வளவே தேவை.

"மூன்று நாளில் தேறாவிட்டால் பரேலுக்குக் கொண்டு செல்லுங்கள்" என்றும் மருத்துவர் சொன்னார். பரேல் விலங்கு மருத்துவமனையை மும்பைவாசிகள் அறிவர். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் பம்பாயில் 1874-இல் தோன்றியது. பின்னர்ப் பார்சி ஆலை முதலாளி தின்ஷா மானெக்ஜி பெட்டிட் தம் மனைவி பாய் சக்கர்பாயின் பெயரால் பரேலில் விலங்கு மருத்துவமனை அமையப் பொருளுதவினார். அவ்வளாகத்தில்தான் 1886-இல் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. அக்காலத்தில் அங்கே வந்தவை பெரும்பாலும் பாரம் இழுத்த மாடுகளும் குதிரைகளும். பூனைக்கு மருத்துவம் பார்ப்பதைப் பிறர் மதிக்க வெகுகாலம் ஆயிற்று.

வீட்டில் செய்ய வேண்டியவற்றை மருத்துவர் எழுதித் தந்தார். கொதித்தாறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துக் கண்களைத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மறு கண்ணுக்கு வைத்தல் ஆகாது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி சூழ்ந்த அறையில் பூனையோடு பத்து நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். நாள்தோறும் எடை பார்க்க வேண்டும். அண்டை வீட்டார் அன்போடு அரை பாரசிட்டமால் மாத்திரை தந்தார். நல்லவேளையாகக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். நம் காய்ச்சலைத் தணிக்கும் அம்மருந்து பூனைக்கு நஞ்சு. அதன் உடல் அம்மருந்தை முறித்து வெளியேற்ற வல்லதன்று. ஒரே மாத்திரை உயிரைப் போக்கிவிடலாம். பசும்பாலும் வேண்டா என்றார். பூனை என்றதும் பால் கிண்ணத்தை வரைகிறோம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை.

உண்மையான போராட்டம் உணவில்தான் இருந்தது. முதல் நாள் சமையலறைத் தராசில் எடை 1,850 கிராம். மூன்றாம் நாள் 1,760. மருத்துவமனையில் ஊசி வழியே நீர் ஏற்றினார்கள். தட்டில் வைத்தது வைத்தபடியே இருந்தது. பூனை மோப்பத்தால் உண்ணும் விலங்கு. மூக்கு அடைத்தால் உணவு அதற்கு உணவாகவே தோன்றுவதில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உண்ணாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து, சளியினும் கொடிய கேடு வந்துசேரும். அன்றிரவு நான் விடைத்தாள் திருத்தவில்லை.

நான்காம் நாள் காலை மீன் சந்தைக்குச் சென்றேன். எங்கள் ஊர் நெத்திலிக்கு உறவான ஒரு சிறுமீன் இங்கே 'மாந்தேலி' என்ற பெயரில் கிடைக்கும். அதை உப்பின்றி வேகவைத்து, முள் நீக்கி, மசித்து, ஆவி பிடித்து முடித்தவுடன் இளஞ்சூட்டில் அதன் மூக்கருகே நீட்டினேன். சூடான உணவில் மணம் மிகுதி. மனீ முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலில் சிறிது எடுத்து உதட்டில் தடவினேன். நக்கியது. மீண்டும் நக்கியது. பிறகு எழுந்து நின்று, தட்டில் இருந்ததில் பாதியைத் தின்றது. அன்று பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதமாகச் சென்றேன்.

கவனமாக இருங்கள். நோயுற்ற பூனை அஞ்சிப் பிறாண்டக்கூடும். பிறாண்டினாலோ கடித்தாலோ ஓடும் நீரில் சோப்பு இட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் மறைக்காதீர்கள்.

பத்து நாள் பதின்மூன்று நாளாயிற்று. எடை 2,050 கிராம். மோட்டார் அறை காய்ந்துவிட்டது. காக்கா அதற்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தார். நாள்தோறும் மாலையில் வந்து மனீயோடு விளையாடிய ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "மிஸ், நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டாள். அவள் தந்தைக்கு அடுத்த மாதம் இடமாற்றம்.

"அதற்கு வீடு இருக்கிறதே, அம்மா" என்றேன். எனக்கும் அது எளிதாக இல்லை.

காக்கா அதே அட்டைப்பெட்டியோடு வந்தார். அடியில் புதிய துணி விரித்திருந்தார். மனீ பெட்டிக்குள் போக மறுத்து, அவர் தோளில் ஏறிக்கொண்டது. படியிறங்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

மொழியை அறிவோம்

மராத்தியர் பூனையை 'மாஞ்சர்' என்பர். கொஞ்சும்போது 'மனீ' என்பர். நம் மொழியில் வழங்கும் 'மார்ச்சாலம்' என்னும் வடசொல்லும் 'மாஞ்சர்' என்பதும் ஒரே வேரின. கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிடுகிறார். அங்கே அவர் ஆளும் சொல் 'பூசை'. காட்டுப்பூனைக்கு 'வெருகு' என்று பெயர். கீரி, வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் இளமைப் பெயராகக் 'குட்டி' என்பதைத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது.

பயிற்சி

1. பேணுதல், வளர்த்தல்: இவ்விரு சொற்களின் பொருள் வேறுபாட்டைப் பாடத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.

2. மூக்கடைப்புக்கும் உணவு மறுப்புக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

3. "அதற்கு வீடு இருக்கிறதே, அம்மா": ஆசிரியை இவ்வாறு கூறியதை நீங்கள் ஏற்கிறீர்களா? அம்மாணவியின் இடத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதுக.

4. உங்கள் தெருவில் வழங்கும் விலங்குப் பெயர்களைத் தமிழிலும் மராத்தியிலும் கேட்டறிந்து எழுதுக.