ஆணி துப்பாக்கிக்கு எத்தனை குதிரைவலு வேண்டும்?

"குதிரைவலு கூடினால் ஆணி ஆழமாய் இறங்கும்." தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு இறங்கி, ஹாட்வெயார் கடையில் கொம்பிரசர் விலை விசாரிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆணியின் ஆழத்தைத் தீர்மானிப்பது துப்பாக்கிக்குள் போகும் காற்றின் அழுத்தம். தளபாட வேலைக்கான துப்பாக்கிகள் பெரும்பாலும் 70 முதல் 100 பிஎஸ்ஐக்குள் வேலை செய்பவை. ஒரு குதிரைவலுச் சின்ன கொம்பிரசரே 8 பார், அதாவது ஏறத்தாழ 115 பிஎஸ்ஐ வரை ஏற்றிவிடும். குதிரைவலு கூடினால் கூடுவது நிமிடத்துக்கு வரும் காற்றின் அளவுதான்.

அந்த அளவு உங்களுக்குத் தேவையா என்பது ஹோஸின் நுனியில் எதை மாட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிராட் எனும் மெல்லிய ஆணியை அடிக்கும் சிறிய துப்பாக்கி ஓர் ஆணிக்கு ஒரு லீட்டருக்கும் குறைவான காற்றையே எடுக்கிறது. நிமிடத்துக்கு இருபது ஆணி அடித்தாலும் இருபது லீட்டர் தாண்டாது. அதே ஹோஸில் பொலிஷ் அடிக்கும் ஸ்பிரே கன்னை மாட்டுங்கள்: நிமிடத்துக்கு 200, 300 லீட்டர் இடைவிடாமல் கேட்கும். ஆகவே அலுமாரிக்கு ஆணி மட்டும் அடிப்பவருக்கு ஒரு குதிரைவலு போதும். பொலிஷும் அடிப்பேன் என்பவருக்கு இரண்டும் சில வேளை போதாமல் போகும். லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது பம்பு உள்ளே இழுக்கும் அளவு என்பதையும் மறக்க வேண்டாம். வெளியே தருவது அதைவிடக் குறைவு.

மலையில் காற்று மெல்லிசு, அதனால் பெரிய மெஷின்தான் சரிவரும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், தெல்தோட்டை அதற்கும் மேலே. 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். ஸ்பிரே அடிப்பவர் இதைக் கணக்கில் எடுக்கலாம். ஆணி அடிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

பெரிய தொட்டி பலம் தராது, சேமிப்பைத் தரும். அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. நிறைந்த 24 லீட்டர் தொட்டி 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்குவதற்குள் எழுபது லீட்டருக்கு மேல் சாதாரணக் காற்றைக் கொடுத்துவிடும். கரண்ட் போன பிறகும் எழுபது பிராட் அடிக்கலாம் என்று அர்த்தம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நினைப்பவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

வேலை நடக்கும் இடம் பிளக்கிலிருந்து தூரமென்றால் நம்மவர்கள் வயர் ரோலை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நீட்ட வேண்டியது ஹோஸைத்தான். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். மெல்லிய நீள வயரில் அந்த நேரம் வோல்ட் விழுந்து, மோட்டார் முனகிச் சூடேறும். லைன் கடைசியில் இருக்கும் தோட்ட வீடுகளில் வோல்ட் ஏற்கெனவே குறைவாக இருந்தால் சேதம் இன்னும் சீக்கிரம் வரும்.

இனி தண்ணீர். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் கொம்பிரசரை அதிகம் கொல்வது இதுதான் என்பது என் எண்ணம். "புது மெஷின், தண்ணி எப்படி வரும்?" என்று கேட்பார்கள். லூல்கந்துரைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கும் ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். 20 பாகையில் ஈரம் முழுதாக நிறைந்த காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்கும். அதை வெளிக்காற்றைவிட 8 பார் கூடுதலாக அமுக்கி ஆறவிட்டால் ஒன்பதில் ஒரு பங்குதான் ஆவியாக நிற்கும். மிச்சம் 15 கிராம் தண்ணீராகத் தொட்டியின் அடியில் விழும். இது ஒவ்வொரு கன மீட்டருக்கும் நடக்கும் கணக்கு. மாலையில் அழுத்தத்தை இறக்கி அடிவால்வைத் திறக்காவிட்டால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். துருப்பிடித்த தொட்டி வெடிக்கவும் கூடும்.

துப்பாக்கிக்கு எண்ணெய் விடுவதிலும் கவனம் வேண்டும். காற்றுக் கருவிகளுக்கென்று விற்கும் எண்ணெயில் தினம் சில துளி போதும். எண்ணெய் வேண்டாத மொடலென்றால் ஒரு துளியும் விடக்கூடாது. கைக்கு எட்டிய தேங்காயெண்ணெயை ஊற்றுவதைப் பற்றி என்ன சொல்ல? மலையகத்துக் குளிர் காலைகளில் அது போத்தலுக்குள்ளேயே உறைந்து நிற்கிறது.

துப்பாக்கியின் அளவுக்கு வருவோம். கேஜ் எண் கூடக் கூட ஆணி மெலியும்: 23 கேஜ் 0.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 16 கேஜ் 1.6. கடையில் F30 என்றால் 30 மில்லிமீட்டர் வரை 18 கேஜ் பிராட் போடும் துப்பாக்கி; F50 என்றால் 50 வரை. சட்டத்தில் பலகை அடிக்க, பலகையின் தடிப்பைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீள ஆணி வேண்டும். அதனால் முதல் துப்பாக்கியாக F50ஐ எடுப்பதே புத்தி. கினிசப்பிலும் அல்பீசியாவிலும் அது வெண்ணெய் போல் இறங்கும். முற்றிய பலாவிலோ தேக்கிலோ நீள பிராட் இழையோடு வளைந்து பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். பலகையைப் பிடிக்கும் கை ஆணியின் நீளத்தைவிடத் தள்ளி இருக்கட்டும். கூரை ரீப்பருக்கு இதைக் கொண்டு போகவே வேண்டாம். தலை மிகச் சிறிதான ஆணி காற்றின் இழுப்புக்கு நிற்காது.

ஆணி அடித்தால் பசை தேவையில்லை என்று நினைக்கும் பாஸ்மாருக்கு ஓர் ஆகாய விமானத்தின் கதை. ஹவர்ட் ஹியூஸின் எச்-4, பெரும்பாலும் பேர்ச் மரத்தால் கட்டியது, 1947 நவம்பர் 2இல் கலிபோர்னியாவின் லோங் பீச் துறைமுகத்தில் ஒரே ஒரு முறை பறந்தது. அதன் பலகைகளை ஒட்டும்போது அழுத்திப் பிடிக்கச் சிறு ஆணிகளை அடித்தார்கள். பசை காய்ந்ததும் அவற்றைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். உங்கள் மேசையிலும் பிராட்டின் முக்கிய வேலை அதுவேதான். பிடுங்கத் தேவையில்லை, அவ்வளவு வித்தியாசம்.

டிரிகரை அமுக்கியபடி மூக்கை மரத்தில் தட்டித் தட்டி அடிக்கும் முறை வேகமானது என்கிறார்கள். வேகம் உண்மைதான். ஒவ்வோர் ஆணிக்கும் முதலில் மூக்கை அழுத்தி, பிறகு டிரிகரை அமுக்கும் முறையோடு ஒப்பிட்டால் காயம் இரட்டிப்பு என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனங்கள் 2011இல் வெளியிட்ட கையேடு சொல்கிறது. சிக்கிய ஆணியை எடுக்க முன் ஹோஸைக் கழற்றுங்கள். கொம்பிரசர் பழுதென்று வெல்டிங் கடை ஒட்சிசன் சிலிண்டரைத் துப்பாக்கிக்கு மாட்ட யாராவது யோசனை சொன்னால், அவரைப் பட்டறைக்குள் விடாதீர்கள்: எண்ணெய் பட்ட இடத்தில் அழுத்தமான ஒட்சிசன் சேர்ந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்.