அண்ணனுக்குக் கொப்புளம், கைக்குழந்தைக்கு ஆபத்தா?

கேள்வி: என் 3 வயது மகனுக்குக் கை, கால், வாயில் கொப்புளங்கள். ‘தக்காளிக் காய்ச்சல்’ என்கிறார்கள். பிறந்து 12 நாளான தங்கை வீட்டில் இருக்கிறாள். பயப்பட வேண்டுமா?

பதில்: மகனுக்கு அநேகமாக 7 முதல் 10 நாளில் தானே ஆறிவிடும். பச்சிளம் குழந்தை விஷயம் வேறு. இதை உண்டாக்கும் காக்ஸாக்கி போன்ற என்டிரோ வைரஸ்கள் பிறந்த முதல் சில வாரங்களில் தொற்றினால், அபூர்வமாக மூளை, இதயத் தசை, கல்லீரலைத் தாக்கக்கூடும். கொப்புளமே வராமலும் இருக்கலாம். அதனால் தோலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத சோர்வு, மூச்சுத் திணறல், உடம்பு சில்லிடுவது, மஞ்சள் காமாலை கூடுவது, வலிப்பு... ஒன்று தெரிந்தாலும், சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உரமருந்து, மூத்தவனின் மிச்ச சொட்டுமருந்து எதுவும் வேண்டாம்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அண்ணன் தங்கையைக் கொஞ்சுவதைத்தான் தள்ளிப்போட வேண்டும் (அழுவான், அழட்டும்). கொப்புளம் ஆறிய பிறகும் அவன் மலத்தில் வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறும். அவனுக்குக் கால் கழுவிவிட்டால், சோப்புப் போட்டுக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது.