அன்னாசிப்பூ அன்னாசியின் பூ அல்ல

பிரியாணி தாளிக்கும்போது போடுகிற அன்னாசிப்பூ, அன்னாசிச் செடியில் பூப்பது என்று நம்புகிறவர்கள் நிறைய. பெயரே அப்படிச் சொல்லும்போது அவர்களை என்ன குறை சொல்வது? அது அன்னாசியும் இல்லை, பூவும் இல்லை. தென் சீனாவிலும் வியட்நாமிலும் வளரும் ஒரு மரத்தின் காய்ந்த காய். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். இதழ் போலத் தெரிவது ஒவ்வொன்றும் வாய் பிளந்த சின்னப் படகு. உள்ளே பளபளவென்று ஒரு பழுப்பு விதை. பூவுக்குள் ஏது முற்றிய விதை?

அன்னாசியின் நிஜப் பூ சிறியது, ஊதா நிறம். செடியின் நடுவில் எழும் தண்டைச் சுற்றி நூறுக்கும் மேல் நெருக்கியடித்துப் பூக்கும். ஒவ்வொன்றும் குட்டிக் கனியாகி, எல்லாம் ஒட்டி ஒரே பழமாகிவிடும். தோல் சீவியபின் நாம் சாய்வாகச் செதுக்கி எடுக்கிற ‘கண்’ ஒவ்வொன்றும் ஒரு பூ இருந்த இடம். பல்லில் சக்கையாக மாட்டும் நடுத்தண்டு அந்தப் பழைய பூந்தண்டுதான்.

“கொல்லிமலையிலேயே விளைகிறதே, இது நம்ம ஊர்ப் பழம்தானே?” விளைவது உண்மை; பிறந்த ஊர் தென் அமெரிக்கா. அங்குள்ள துப்பி-குவாரனி மொழியினர் ‘நனாஸ்’ என்றார்கள். போர்த்துக்கீசியர் அதை ‘அனனாஸ்’ ஆக்கி, 16ஆம் நூற்றாண்டில் பழத்தோடு பெயரையும் இந்தியாவில் இறக்கினார்கள். ஜன்னல், அலமாரி, சாவி வந்த அதே வழி. கொலம்பஸ் 1493இல் குவாதலூப் தீவில் இதைக் கண்டார். ஸ்பானியர்களுக்கு அது பைன் மரக் காயாகத் தெரிந்ததால் ‘பின்யா’ என்றார்கள். ஆங்கிலத்தில் ‘பைனாப்பிள்’ என்பதே முதலில் பைன் காயின் பெயர்தான். பிறகு பழம் அதைப் பறித்துக்கொண்டது. ஆப்பிளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

காயாக வாங்கி வைத்தால் வீட்டில் இனிக்கும் என்பதும் வீண் நம்பிக்கை. மாவுச்சத்தைச் சேமித்துவைத்து, பிறகு அதைச் சர்க்கரையாக்கும் பழம் இல்லை இது. பறித்தபின் நிறம் மாறும், மெத்தென்று ஆகும், இனிப்பு மட்டும் அதிகமாகாது. அடிப்பக்கம் மணக்கிறதா என்று முகர்ந்து வாங்குங்கள்.

கடைசியாக, கர்ப்பிணி சாப்பிட்டால் கரு கலைந்துவிடும் என்கிற பயம். இதற்குக் காரணமாகச் சொல்லப்படும் புரோமிலைன் என்னும் நொதி அதிகம் இருப்பது தண்டில்தான்; சதையில் குறைவு. உணவாக நாலு துண்டு சாப்பிட்டுக் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.